மருந்து இருந்தா சொல்லு

நீங்க என்னிக்காச்சும் ஒரு எலியோட கொடல உருவி, நேரா நீட்டி வெச்சு, ஸ்கேல் புடிச்சு அளந்து பாத்திருக்கீங்களா?

நான் பாத்திருக்கேன். எலி என் முழங்கை நீளம் கூட இல்ல. அதோட கொடல் என் இடுப்பு உசரத்துக்கு நீளுது. அவ்ளோ நீளத்த அவ்ளோண்டு வயித்துக்குள்ள எப்டி மடிச்சு வெச்சுதுன்னு மொத தடவ பாத்தப்ப வாயப் பொளந்துட்டேன்.

எனக்கு ஊரு மன்னார்குடி பக்கம். எம்.எஸ்சி. ஜுவாலஜி, கடைசி வருஷம். ப்ராஜெக்ட் தலைப்பு ‘வயல் எலிகளின் குடல் ஒட்டுண்ணிகள்’னு வாங்குனப்ப கிளாஸே சிரிச்சுது. அவனவன் பட்டாம்பூச்சி, பவளப்பாறைன்னு சீன் போடுறான், எனக்கு எலிக் கொடல். ‘சிரிங்கடா’ன்னு சொல்லிட்டு பாண்டிக்கு வந்துட்டேன்.

ஏன் பாண்டி? எங்க ஊர்ல வயல்ல மூங்கில் கிட்டி வெச்சு எலி புடிப்பாங்க. கிட்டி போடுற போடுல எலி நசுங்கி, உள்ள இருக்குறது கூழாயிடும். பாகூர் பக்கம் வளைய வெட்டி கையாலயே புடிப்பாங்க, முழுசா கெடைக்கும்னு என் கிளாஸ்மேட் சங்கீதா சொன்னா. அவ வீடு வில்லியனூர்ல. அவ அம்மா செய்ற மீன் கொழம்பு பத்தி ரெண்டு வருஷமா கேட்டுக் கேட்டு நாக்கு ஊறிப் போயிருந்துச்சு. ரெண்டு காரணம் போதாதா?

மொத நாளே பல்பு. பாகூர் பஸ்ல பக்கத்து சீட்டுல வீராம்பட்டினத்து மீன்கார அம்மா ஒண்ணு, மடியில அன்னக்கூட. என் பையில ஃபார்மலின் கேன். பஸ்ஸு ஒரு பள்ளத்துல குதிச்சுதா, கேன் மூடி லூசாயிடுச்சு. பஸ்ஸு பூரா கண்ணு எரியுது.

"இன்னாடி நாத்தம் இது? எம்மீனு கூட இப்டி நாறலியே!"

"ஃபார்மலின்மா. எலிக் கொடல ஊறப் போடறதுக்கு."

"எதே?" அந்தம்மா என் பையப் பாத்துச்சு, என் மூஞ்சியப் பாத்துச்சு. "யோவ் கண்டக்டரு! இந்தப் பொண்ண எறக்கி வுடுய்யா. இது மீனு கெடாம இருக்க அடிக்கிற மருந்துய்யா. நாளைக்கு எங்கூடையில தான் மருந்து நாறுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவானுங்க. எவன் வாங்குவான்?"

பஸ்ஸே சிரிச்சுது. கண்டக்டர் சிரிச்சிக்கிட்டே எறக்கி விட்டுட்டாரு. பாகூர் ஏரிக்கரையில கேன தூக்கிக்கிட்டு நடந்தேன். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் அறுத்த வயல், மண்ட மேல வெயில். எங்க ஊரு மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன். அப்பறம் வழி கேட்ட ஒரு ஆளு, "இன்னாம்மா, எங்க போவணும்?"னாரு. அந்த ‘இன்னா’ல தான் வேற ஊருக்கு வந்துட்டேன்னு உறைச்சுது.

நான் போக வேண்டியது சோரியாங்குப்பத்துல தணிகாசலம்னு ஒருத்தர் வயலுக்கு. சங்கீதாவோட அப்பாவுக்குத் தெரிஞ்சவரு. நெல்லு அறுத்து முடிச்சு தாள் நிக்கிது, அத ஒட்டுனாப்ல கரும்பு ஆள் உசரத்துக்கு. "இந்த வரப்பு வரைக்கும் பாண்டிமா. அந்தாண்ட கடலூர் ஜில்லா. நம்ம தான் இதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு ஆபீசுன்னு அலையறோம். எலி ரெண்டு பக்கமும் துன்னுட்டு ஜாலியா இருக்குது"ன்னு சிரிச்சாரு.

எலி புடிக்க வந்தவங்க ரெண்டு பேரு. அஞ்சலை, அவ புருஷன் ஏழுமலை. அஞ்சலைக்கு என்னவிட அஞ்சு வயசு தான் கூட இருக்கும். நான் ‘அக்கா’ன்னு ஒட்டிக்கிட்டேன். அவங்க பொண்ணு நிவேதா, நாலு வயசு, வரப்புல ஒக்காந்து நத்தை ஓட்ட வரிசையா அடுக்கிட்டு இருந்துச்சு.

அவங்க வேலைய நீங்க பாக்கணும். ஏழுமலை அண்ணன் வரப்பு ஓரமா நடந்து, புது மண்ணு தள்ளியிருக்குற வளை வாயா பாத்து காலால ஒரு கோடு போட்டுட்டுப் போறாரு. அஞ்சலை மத்த வாயெல்லாம் சேறு வெச்சு அடைக்கிறா. அடியில ஓட்ட போட்ட பானையில வைக்கோல் கொளுத்தி, ஒரு வாயில கவுத்து ஊதுறா. உள்ள புகை. அப்பறம் மம்முட்டி. உள்ள கைய விட்டா எலி. தரையில ஒரே அடி, முடிஞ்சுது.

வளை அடியில இன்னொண்ணு இருக்கு. நெல்லு! கதிர் கதிரா கிள்ளி எடுத்துட்டு வந்து எலி அடுக்கி வெச்சிருக்கு. ஒரு வளையில ரெண்டு மொறம் தேறுச்சு. அதுவும் அஞ்சலைக்குத் தான்.

"ஒனக்கு இன்னா வோணும்?"னா.

"கொடல் மட்டும்க்கா."

"கொடலா! நாங்க தூக்கிப் போடறத எடுத்துகினு போவ மன்னார்குடிலேந்து பஸ்ஸு ஏறி வந்துகிறியா? ஏங்க, கேட்டீங்களா இத?" ஏழுமலை அண்ணன் மம்முட்டிய ஊணிக்கிட்டு சிரிச்சாரு.

"ஈரலும் கெடச்சா நல்லாருக்கும்க்கா. அதுல சில புழு கட்டி கட்டியா…"

"ஈரலு கெடையாது. அது பாப்பாவுது. பல்லு படாம முழுங்கும், வேற எதுவும் துன்னாது அது."

சரின்னு டீல் முடிச்சோம். அவ மொத எலிய எடுத்து, வயித்தக் கீறி, கொடல வெளிய இழுத்து, அதையும் கத்தி நுனியால கீறப் போனா. நான் பதறிட்டேன்.

"ஐயோ கீறாதீங்கக்கா! முழுசா வேணும். தொறந்துட்டா உள்ள இருக்குற பூச்சியெல்லாம் கொட்டிடும், கணக்கு தப்பாயிடும். நானே கட்டி எடுத்துக்கறேன், வீட்ல போய்த் தான் தொறப்பேன்."

அவ என்ன ஒரு நிமிஷம் பாத்தா. கத்திய மடக்கி இடுப்புல சொருவுனா.

"சரி டாக்டரு. கொடலு ஒனக்கு, மத்ததெல்லாம் எனக்கு. உள்ள மருந்து இருந்தா சொல்லு, இன்னா?"

"கண்டிப்பா சொல்றேன்க்கா!"

எனக்குப் புரிஞ்சது இது தான்: உள்ள பூச்சி இருந்தா அதுக்கு மருந்து எதாச்சும் இருந்தா சொல்லு. பரவாயில்லயே, ஹெல்த்து மேல எவ்ளோ அக்கறன்னு உள்ளுக்குள்ள பாராட்டு விழாவே நடத்துனேன்.

மத்தியானம் ரெண்டு எலிய வைக்கோல் தீயில வாட்டி, ரோமத்த வழிச்சு, உப்பும் மொளகாத் தூளும் தடவி சுட்டுக் குடுத்தாங்க. நான் ஒரு தொடை சாப்ட்டேன். கோழிக்கும் மீனுக்கும் நடுவுல எதோ ஒண்ணு. நெல்லு தின்ன ஒடம்பு, வாசனையா இருந்துச்சு. என் காலேஜ் பசங்களுக்கு போட்டோ அனுப்புனேன். எவனும் ரிப்ளை பண்ணல.

சாயங்காலம் வில்லியனூர் வீட்டு மொட்டமாடி. சங்கீதா அம்மா மாடிப்படியிலயே நின்னுட்டாங்க. "எம்மா, நான் வடாம் காயப் போடற எடம்மா அது."

"ஓரமா வெச்சுக்கறேம்மா, கையுறை போட்டிருக்கேன், டெட்டால் ஊத்திடறேன்."

"வடாத்துக்கு டெட்டாலா?"ன்னு தலைல அடிச்சிக்கிட்டுப் போனாங்க. ஆனா அர மணி நேரத்துல அவங்களே மெதுவா வந்து என் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தாங்க. ட்ரேயில தண்ணிக்குள்ள வெள்ளையா ஒண்ணு மெதந்துச்சு, சேமியாவ தட்டையா அழுத்துனாப்ல, முழ நீளத்துக்கு.

"இன்னாது இது?"

"நாடாப்புழும்மா."

"உசுரோட இருக்குதா?"

"இருக்கு."

அவங்க இன்னும் கொஞ்சம் குனிஞ்சு பாத்தாங்க. "அது பாட்டுக்கு இருந்துகிது பாரு"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கீழ போனாங்க.

அது பாட்டுக்குத் தான் இருந்துருக்கு. இந்தப் புழுவோட வாழ்க்கையக் கேளுங்க. எலி போடுற புழுக்கையில இதோட முட்ட. அத ஒரு நெல்லு வண்டு தின்னும். வண்டுக்குள்ள குஞ்சு வளரும். அந்த வண்ட எலி தின்னா தான் இது புழுவா ஆகும். எலி எங்க வண்ட தின்னும்? அது சேத்து வெச்ச நெல்லுலயே. பசிக்கும்னு சேக்குற களஞ்சியத்துலேந்தே அதுக்கு விருந்தாளி வருது. வந்தது எலியக் கொல்லவும் மாட்டேங்குது. எலி செத்தா இதுக்கும் வீடு போச்சு. கொஞ்சமா எடுத்துக்கிட்டு, சத்தம் போடாம இருக்கு. எங்க ஹாஸ்டல்ல ரூம்மேட்டு கூட இவ்ளோ டீசன்ட்டு கெடையாது.

கறி வழியா இது மனுஷனுக்கு வராது. ஆனா வளை நெல்லுல வண்டு இருக்கும், அத அஞ்சலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறா. அப்ப மாத்திரை குடுத்துடலாம்னு முடிவு பண்ணேன்.

ரெண்டாம் நாள் கரும்ப ஒட்டுன வரப்பு. எலி நெறைய. சிலது புகைக்குக் கூட ஓடல, மந்தமா அப்டியே கைல வந்துச்சு. "சோம்பேறி எலிங்க, நம்ம மாமியா வூட்டு ஆளுங்களாட்டம்"னு அஞ்சலை சொன்னா. "எங்கம்மாவ இழுக்காத"ன்னு ஏழுமலை அண்ணன். நானும் சிரிச்சேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் சாம்பிள்னு சீக்கிரமே பஸ் ஏறிட்டேன்.

அன்னிக்கி சாயங்காலம் ட்ரேயில வெச்சுத் தொறந்ததுல ரெண்டு கொடல் வேற மாதிரி இருந்துச்சு. உள்ள பூரா கறுப்பா ரத்தம். தார் மாதிரி. தரையில அடிச்ச அடியில உள்ள ஒடஞ்சிருக்கும்னு நெனச்சேன். நோட்டுல ‘அடிபட்டது, வேஸ்ட்’னு எழுதிட்டு, ரெண்டையும் கொட்டிட்டேன். கையக் கழுவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய் பூச்சி மாத்திரை வாங்கிட்டு வந்தேன். அப்பறம் மீன் கொழம்பு. சங்கீதா ரெண்டு வருஷமா பொய் சொல்லல.

மூணாம் நாள் காலையில வயல்ல எறங்குன ஒடனே மாத்திரைய நீட்டுனேன். கொஞ்சம் கெத்தாவே.

"இந்தாங்கக்கா. மருந்து இருந்தா சொல்லுன்னீங்கள்ல? மூணு பேருக்கும் வாங்கிட்டேன்."

அஞ்சலை அட்டையத் திருப்பிப் பாத்தா. "இது பூச்சி மாத்திரை. போன மாசம் தான் பாப்பாவுக்கு அங்கன்வாடில குடுத்தாங்க. இத எவ கேட்டா?"

"நீங்க தானக்கா கேட்டீங்க?"

"நான் கேட்டது எலி மருந்துடி! வயலுக்கு வெக்கிற கேக்கு. அத துன்ன எலிக்குக் கொடலு கறுத்துக் கெடக்கும். கீறிப் பாத்து, கறுப்பு இருந்தா எலியையே பொதச்சிருவோம். நீ தான் கீறாத கீறாதன்ன, நானே பாக்கறேன்ன." சிரிச்சிக்கிட்டே தான் சொல்லிட்டு வந்தா. என் மூஞ்சியப் பாத்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. "இன்னா?"

நான் நோட்டத் தொறந்து நேத்து எழுதுனதப் பாத்தேன்.

"கறுப்பா இருந்துச்சா?"

"ரெண்டுல."

"எப்ப பாத்த?"

"நேத்து சாயங்காலம். அடிபட்ட ரத்தம்னு…"

"எந்த எலி?"

தெரியல. எனக்குத் தெரியல. கொடலுக்குத் தான் நம்பர் போட்டேன், எலிக்குப் போடல. எலி ஒரு பொணம், சாம்பிள் தான முக்கியம்.

"நேத்து புடிச்சது மொத்தமும் நேத்தே ஆக்கித் துன்னாச்சு"ன்னா அஞ்சலை. சத்தமே போடாம சொன்னா. அதுக்கு அவ என்ன ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

தணிகாசலம் கரும்புப் பக்கமா வந்துட்டு இருந்தாரு. அவ நேரா அவர்ட்ட போனா.

"ஐயா, மருந்து வெச்சிங்களா?"

"கரும்புக்குத் தான் வெச்சேன். நெல்லுப் பக்கம் வெக்கலயே. நீ நெல்லுல தான வெட்டுற?"

"எலிக்கு இது கரும்பு, இது நெல்லுன்னு எல்ல போட்டுக் குடுத்திங்களா? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"சொல்லணும்னு தான்… நீ கீறிப் பாப்பல்ல எப்பவும். அத நெனச்சு வுட்டுட்டேன்."

அவரு அவளை நம்பியிருந்தாரு, அவ என்ன நம்பியிருந்தா. நான் என் ஸ்கேல நம்பியிருந்தேன்.

அங்க இருந்த ஒரே வண்டி டிராக்டர். தணிகாசலமே ஏறி ஓட்டுனாரு. பின்னாடி ட்ரெய்லர்ல ஏழுமலை அண்ணன், அஞ்சலை, அவ மடியில நிவேதா, நான். டிராக்டர் எவ்ளோ வேகம் போவும்னு உங்களுக்கே தெரியும். சைக்கிள்ல போன ஒரு ஆளு எங்கள ஓவர்டேக் பண்ணிட்டுத் திரும்பிப் பாத்தாரு. நிவேதாவுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "இன்னொரு வாட்டி!"ன்னு கத்துச்சு.

"நீ பாக்கறன்னு தான் நான் கத்திய மடக்குனேன்"னா அஞ்சலை. என்னப் பாத்துச் சொல்லல, ரோட்டப் பாத்துச் சொன்னா.

ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டர். ஏழுமலை அண்ணன் என்னக் காட்டி, "எங்க டாக்டரு தான் பாத்துச்சு"ன்னாரு. அந்த மேடம் என்னப் பாத்து, "நீங்க டாக்டரா?"

"இல்ல மேடம். ஜுவாலஜி. ஸ்டூடண்ட்."

நடந்தது எல்லாம் சொன்னேன். எதையும் சுருக்கல. பொறுமையாக் கேட்டாங்க.

"அந்த ரெண்டு சாம்பிள் இருக்கா?"

"கொட்டிட்டேன் மேடம்."

எழுதிக்கிட்டாங்க. "நல்லா வேக வெச்சு தானே சாப்ட்டீங்க?"ன்னு அஞ்சலைட்ட கேட்டாங்க. ஆமாம்னா. "வேக வெச்சா புழு சாகும். இந்த மருந்துக்கு ஒண்ணும் ஆகாது. இது ரத்தத்த உறைய விடாது. உள்ள போனதும் பெரும்பாலும் ஈரல்ல தான் தங்கும்." நிமிந்தாங்க. "ஈரல் யாரு சாப்ட்டது?"

நிவேதா தான் கையத் தூக்குச்சு, ஸ்கூல்ல அட்டனன்ஸ் சொல்றாப்ல.

மூணு பேருக்கும் ரத்தம் எடுத்தாங்க. மூணும் நார்மல். நான் சிரிச்சுப்புட்டேன். மேடம் சிரிக்கல. "இப்ப நார்மலாத் தான் வரும். இது மெதுவா வேலை செய்யும். ரெண்டு நாள் கழிச்சு எடுக்கறது தான் நெசம். சாப்ட்ட அளவு கம்மி தான், அனேகமா ஒண்ணும் இருக்காது. ஆனா சின்னப் புள்ள. அதுவரைக்கும் கீழ விழாம, அடிபடாம பாத்துக்கங்க. ஈறுல ரத்தம், மூக்குல ரத்தம், எது வந்தாலும் ஒடனே கூட்டிட்டு வாங்க."

நாலு வயசுப் புள்ளய கீழ விழாம பாத்துக்கறது எப்டின்னு யாருக்காச்சும் தெரியுமா? இதெல்லாம் முந்தாநேத்து. நேத்து பூரா நான் அவங்க வீட்ல தான் இருந்தேன். அஞ்சலை வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நிவேதா ஓடுது, நாங்க மூணு பேரும் பின்னாடி ஓடுறோம். அதுக்கு அது வெளயாட்டு, இன்னும் வேகமா ஓடுது. ஒரு தடவ வாசல்ல முட்டி போட்டு விழுந்துச்சு. அஞ்சலை அந்த முட்டியத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தா. மண்ணு தான். சிராய்ப்பு இல்ல. அவ அப்டியே தரையில ஒக்காந்துட்டா.

எங்க கைடு சாருக்கு போன் போட்டுச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்பறம், "அந்த ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுது. வேஸ்ட்னு எழுதாத"ன்னாரு.

யோசிச்சுப் பாத்தா, அஞ்சலை பண்ணிட்டு இருந்ததும் எலிக் கொடல் டெஸ்ட் தான். என்னுது புழு எத்தனன்னு எண்ற டெஸ்ட். அவளுது இன்னிக்கி சோத்துல கை வெக்கலாமா வேணாமான்ற டெஸ்ட். அது டெஸ்ட்னே எனக்குத் தோணல. கத்திய கீழ போட வெச்சேன், அந்த வேலைய நானும் செய்யல.

சாயங்காலமா தணிகாசலம் வந்தாரு. கையில பாலித்தீன் கவர் மாட்டிட்டு கரும்புக்குள்ள பாத்தி பாத்தியா பூந்து, வெச்ச கேக்க எல்லாம் திரும்பப் பொறுக்கியிருக்காரு. கரும்புத் தோகை கிழிச்சு மூஞ்சியெல்லாம் கோடு. "கெடச்ச வரைக்கும் எடுத்துட்டேன் அஞ்சல. எலி இழுத்துட்டுப் போனது போவ"ன்னாரு. அவ ஒரு சொம்பு தண்ணி குடுத்தா.

இன்னிக்கி காலையில ரெண்டாவது ரத்தம். இந்த தடவ டிராக்டர் இல்ல, தணிகாசலம் ஆட்டோ புடிச்சுட்டு வந்தாரு. பெரியவங்க ரெண்டு பேருக்கும் ரிசல்ட் வந்துடுச்சு, ஒண்ணும் இல்ல. நிவேதாவுக்கு மட்டும் இன்னொரு வாட்டி பாக்கணும்னு திரும்ப ரத்தம் எடுத்து உள்ள கொண்டு போயிருக்காங்க. ஏன்னு கேட்டதுக்கு, "பாத்துட்டு சொல்றோம்"னாங்க. நான் வெளிய பெஞ்சில ஒக்காந்து போன்ல இத டைப் பண்ணிட்டு இருக்கேன். பக்கத்துல அஞ்சலை. ஊசி குத்துன எடத்துல பஞ்சு வெச்சு, நிவேதாவோட கைய மடக்கிப் புடிச்சிருக்கா.

மணி பதினொன்னு இருவது. ரத்தம் நின்னுச்சான்னு பஞ்ச இன்னும் எடுத்துப் பாக்கல.